வெள்ளைக் கோட்டு அரணைக்கு என்ன பெயர்? ப்ரிட்டோரியா முதல் ஸ்குகூசா வரை ஏழு நாள்

நாள் 1: ப்ரிட்டோரியா

தேடி வந்திருப்பது ஒரு சின்ன அரணையை. மூக்கு நுனியிலிருந்து கழிவாய் வரை ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். அதற்குப் பின்னால் உடம்பைவிட நீளமான வால். முதுகின் நிறம் ஒன்றுக்கொன்று மாறும்: செம்பு, சாம்பல், ஆலிவ். கரும்புள்ளி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். விலாவில் மட்டும், மேலுதட்டில் தொடங்கிக் காதுத்துளை வழியாகத் தொடை வரை ஓடும் பளிச்சென்ற வெள்ளைக் கோடு.

இதன் பின்பெயர் நெடுங்காலமாக வேரியா; இன்றைய முழுப்பெயர் ட்ராக்கிலெபிஸ் வேரியா. கென்யாவிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை வெள்ளைக் கோடு போட்ட சின்ன அரணை எல்லாம் அந்த ஒரே பெயருக்குள் போய் விழுந்தன. 2018-இல் ஜெஃப்ரி வைனெல், ஆரன் பாவர் இருவரும் பல இடங்களில் சேகரித்த திசுக்களின் மரபணுவை ஒப்பிட்டார்கள். உள்ளே பல தனிக் கிளைகள் இருந்தன. மூன்றுக்கு ஏற்கெனவே வைத்த பெயர்கள் கிடைத்தன: வேரியா, லேவிகாட்டா, டமரானா. மற்ற கிளைகள் அந்த ஆய்வில் பெயரில்லாமலே நின்றன. மூன்றின் எல்லைகளும் ஒன்றையொன்று நெருங்குவது தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கில். அதனால்தான் இந்தப் பாதை: உயர்ந்த புல்வெளியிலிருந்து இறங்கி, தாழ்ந்த முள்காடு வரை.

முதல் நாள் நகரத்துக்குள்ளேயே தொடங்குகிறது. ப்ரிட்டோரியா ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரம். நவம்பர் மாதம், காலை எட்டரை மணிக்குத் தோட்டச் சுவரில் வெயில் விழுந்ததும் இரண்டு அரணைகள் வந்து படுத்தன. இரண்டும் ட்ராக்கிலெபிஸ் பங்க்டாடிஸ்ஸிமா. ஆண்ட்ரூ ஸ்மித் 1849-இல் பெயரிட்டது. கரும்பழுப்பு முதுகில் வெளிர்ப் புள்ளிகள் தூவியிருக்கும், பக்கக் கோடு மங்கலாக உடைந்து உடைந்து போகும். நாம் தேடும் வெள்ளைக் கோடு இதற்கு இல்லை. உடம்பும் பெரிது.

பெயருக்குப் போகுமுன் பேரினத்தை உறுதி செய்ய வேண்டும். அதற்கு நான்கு இடத்தைப் பார்த்தால் போதும். முதலில் விலா: முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே தோல் மடிப்பு ஓடினால் அது அரணையே இல்லை, கெர்ரோசாரஸ் போன்ற கவசப் பல்லி. அடுத்தது தொடையின் அடிப்பக்கம்: வரிசையாகத் துளைகள் தெரிந்தாலும் அரணை இல்லை, அரணைக் குடும்பத்துக்குத் தொடைத்துளை கிடையாது. மூன்றாவது கண்: கீழிமை அசைகிறதா, பாம்புக் கண் போல ஒட்டி நிற்கிறதா? ட்ராக்கிலெபிஸுக்கு இமை அசையும். நான்காவது முதுகுச் செதில். அதன் மேல் நெடுக்காக வரப்பு போல மேடுகள் ஓடும். அந்தச் சொரசொரப்பிலிருந்தே பேரினத்தின் பெயர் வந்தது: கிரேக்கத்தில் ட்ராக்கிஸ் சொரசொரப்பு, லெபிஸ் செதில்.

நம் ஊர் அரணையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த வரப்பு புதிதில்லை. வீட்டுக் கொல்லையில் ஓடும் யூட்ரோப்பிஸ் காரினாட்டாவுக்கும் உண்டு. 'அரணை கடித்தால் மரணம்' என்ற பேச்சுக்கு உடற்கூறில் ஆதாரமே இல்லை. அரணைக்கு நஞ்சுச் சுரப்பி கிடையாது. இங்கே தைரியமாகக் கையில் பிடிக்கலாம். கடித்தால் தோல் லேசாகச் சிராய்க்கும், அவ்வளவுதான்.

நாள் 2: அருங்காட்சியகம்

பால் குருகர் தெருவில், நகர மன்றத்துக்கு எதிரே இருக்கிறது டிட்சாங் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். பழைய பெயர் ட்ரான்ஸ்வால் அருங்காட்சியகம். ஊர்வன சேகரிப்பில் ஆராய்ச்சியாளர் கேட்டால் கண்ணாடிக் குடுவைகளை மேசைக்குக் கொண்டுவந்து தருவார்கள். முன்கூட்டி எழுத வேண்டும், எந்தச் சிற்றினம், எத்தனை மாதிரி, என்ன அளவு எடுக்கப்போகிறோம் என்று சொல்ல வேண்டும்.

களத்துக்கு முன் குடுவையைப் பார்ப்பது அவசியம். ஆல்கஹாலில் கிடந்த அரணைக்கு நிறம் நம்பத் தகாதது. செம்பு சாம்பலாகும். வெள்ளைக் கோடு மட்டும் வெளிர்ப்பட்டையாக நிற்கும், சில சமயம் அதுவும் மங்கிவிடும். நிறமே இல்லாத அரணையில் செதிலை மட்டும் வைத்துப் பெயர் சொல்லப் பழகிவிட்டால், வெயிலில் மின்னும் உயிருள்ள அரணை நம்மை ஏமாற்றாது.

இன்னொரு பாடம் சீட்டுகளில் இருக்கிறது. ஒரே மாதிரியின் கழுத்தில் மூன்று நான்கு பெயர்ச் சீட்டுகள். மபூயா வேரியா என்று ஒன்று. பிறகு யூப்ரெப்பிஸ். பிறகு ட்ராக்கிலெபிஸ். இந்த மாற்றங்களுக்குக் காரணம் தெரிந்தால்தான் பழைய பதிவைப் படிக்க முடியும்.

மபூயா என்பது ஃபிட்சிங்கர் 1826-இல் வைத்த பேரினப் பெயர். அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா மூன்றிலும் உள்ள அரணைகள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அதற்குள் இருந்தன. நம் ஊர் அரணையும் மபூயா காரினாட்டாதான். 2002-இல் மவுஸ்ஃபெல்டும் உடன் ஆய்வாளர்களும் மரபணுவை வைத்து அதை உடைத்தார்கள். மபூயா அமெரிக்காவோடு நின்றது, ஆசியாவுக்கு யூட்ரோப்பிஸ், கேப் வெர்டி தீவுகளுக்குக் கயோனினியா, ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் யூப்ரெப்பிஸ்.

ஆனால் யூப்ரெப்பிஸ் நிலைக்கவில்லை. ஒரு பேரினப் பெயர் அதன் மூலச் சிற்றினத்தோடு, அதாவது அந்தப் பெயருக்கு அடையாளமாகக் குறித்த சிற்றினத்தோடு கட்டுண்டது. அந்தச் சிற்றினம் எங்கே போகிறதோ, பெயரும் அங்கேதான் போகும். யூப்ரெப்பிஸின் மூலச் சிற்றினம் லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட லாசர்டா பங்க்டாட்டா. அது ஆப்பிரிக்க விலங்கே இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் இலைக்குப்பைக்குள் நெளியும் புள்ளி போட்ட மெல்லிய அரணை. நம்மில் பலர் பாம்புராணி என்று சொல்வது. 2003-இல் பாவர் இதைத் தெளிவாக்கியதும், ஆப்பிரிக்க அரணைகளுக்கு அடுத்துக் கிடைத்த பெயர் ஃபிட்சிங்கர் 1843-இல் வைத்த ட்ராக்கிலெபிஸ். நம் தோட்டத்துப் பாம்புராணி ஒன்று ஒரு கண்டத்து அரணைகளின் பெயரையே மாற்றியிருக்கிறது.

பேரினம் மாறும்போது பின்பெயரின் வாலும் மாறும். நம் அரணைக்கு முதலில் பெயரிட்ட பீட்டர்ஸ் பேரினத்தை யூப்ரெப்பெஸ் என்று எழுதினார்; அது ஆண்பால் என்பதால் 1867-இல் அவர் எழுதியது வேரியஸ். ட்ராக்கிலெபிஸ் பெண்பால், ஆகவே வேரியா. 1844-இல் அவரே மொசாம்பிக் தீவிலிருந்து பெயரிட்ட இன்னொரு அரணை ட்ரோப்பிடோலெபிஸ்மா ஸ்ட்ரையாட்டம், ஏனெனில் அந்தப் பேரினப் பெயர் அலிப்பால். இன்று அது ஸ்ட்ரையாட்டா. பழைய இலக்கியத்தில் தேடும்போது மூன்று வடிவத்தையும் போட்டுத் தேட வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பதிவு கிடைக்காது.

வில்ஹெல்ம் பீட்டர்ஸ் பெர்லின்காரர். 1840-களில் மொசாம்பிக்கில் பல ஆண்டு சேகரித்தவர். நம் மூன்று பெயரும் அவர் வைத்தவையே: வேரியா 1867, லேவிகாட்டா 1869, டமரானா 1870. பின்னால் வந்தவர்கள் மூன்றையும் ஒன்றாக மடித்தார்கள். கையில் இருந்த செதில் எண்ணிக்கைகள் ஒன்றோடொன்று கலந்ததால் அப்படிச் செய்ததைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் மூன்றும் வேறு என்று பீட்டர்ஸ் கண்டது சரியாகவே இருந்திருக்கிறது.

இனி முக்கியமான கேள்வி. ஒன்று மூன்றாக உடைந்தால் 'வேரியா' என்ற பழைய பெயர் யாருக்கு? பெயர் வைக்க எடுத்த முதல் மாதிரி கிடைத்த மூல இடம் எதுவோ, அங்கே வாழும் கிளைக்கு. பீட்டர்ஸின் வேரியா வந்தது மொசாம்பிக்கில் சாம்பெசி ஆற்றங்கரையில் உள்ள டெட்டேயிலிருந்து. ஆகவே டெட்டேயின் அரணையோடு சேரும் கிளைக்கே அந்தப் பெயர். ப்ரிட்டோரியா பக்கத்து உயர்புல்வெளியில் நூறு முறை 'வேரியா' என்று எழுதியிருந்தாலும் அது உரிமையாகாது.

நாள் 3: டல்ஸ்ட்ரோம், லாங் டாம் கணவாய்

என்4 நெடுஞ்சாலையில் கிழக்கே போய், பெல்ஃபாஸ்டில் வடக்கே திரும்பி ஆர்540. டல்ஸ்ட்ரோம் 2,000 மீட்டருக்கு மேல். மரம் குறைவு, புல் மட்டும்; புல்லுக்குள் பாறைத் துண்டுகள். குளிர்காலத்தில் உறைபனி விழும் இடம். நவம்பரிலும் காலை ஒன்பது வரை ஒரு அரணையும் வெளியே வரவில்லை.

இந்த நேரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். உடம்பு குளிர்ந்திருக்கும் அரணை கல்லுக்கடியில் மெதுவாக இருக்கும். கல்லைத் தன் பக்கமாகத் தூக்க வேண்டும், எதிர்ப்பக்கமாகத் தள்ளக் கூடாது. கல்லுக்கும் நமக்கும் நடுவே பாம்பு வராமலிருக்க அதுவே வழி. பார்த்து முடிந்ததும் கல்லை அதே பள்ளத்தில், அதே பக்கம் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். கல்லின் அடியிலுள்ள ஈரமும் இடுக்கும் உருவாகப் பல ஆண்டு ஆகும். சரியாக வைக்காத கல்லுக்கடியில் மறுபடி எதுவும் குடிவராது.

கம்பின் நுனியில் நூல் கட்டிப் பல்லி பிடிக்கும் தூண்டில் சுருக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஓணானுக்கும் அகாமாவுக்கும் சுருக்கு நன்றாக வேலை செய்யும், ஏனெனில் தலை அகலம், கழுத்து ஒடுக்கம். அரணைக்குக் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே பருமன், வரப்பு இருந்தாலும் செதில் வழுக்கும். சுருக்கு நழுவிவிடும். கைதான் சிறந்தது. உள்ளங்கையை முதுகின் மேல் மெல்ல அழுத்தி, தோளைப் பிடித்துத் தூக்க வேண்டும். வாலைத் தொடவே கூடாது. வால் உடைந்தால் நீளத்தின் அளவு போகும். விலங்குக்கு அதைவிடப் பெரிய இழப்பு: சேமித்த கொழுப்பில் ஒரு பெரும் பங்கு வாலில் இருக்கிறது.

பத்தரை மணிக்குச் சாலையோரக் கற்குவியலில் முதல் வெள்ளைக் கோடு. செம்பழுப்பு முதுகு, கரும்புள்ளி குறைவு. உயர்ந்த புல்வெளி என்பதால் லேவிகாட்டா என்று சொல்ல மனம் ஓடுகிறது. ஓடட்டும், ஆனால் சீட்டில் எழுதக் கூடாது. இன்று சீட்டில் போனது இடம், உயரம், நேரம், பாறையின் வகை, படங்கள் மட்டும்.

வேரியா கூட்டத்தில், அதாவது அந்தப் பழைய ஒரே பெயருக்குள் கிடந்த அரணைகளில், முட்டையிடும் தொகுதிகளும் குட்டி ஈனும் தொகுதிகளும் இரண்டும் பதிவாகியிருக்கின்றன. குளிர்ந்த மேட்டில் மண்ணுக்குள் வைத்த முட்டை வளரச் சூடு போதாது. தாய் வெயிலில் காய்ந்து தன் வயிற்றுக்குள்ளேயே சூட்டைத் தருவது கருவுக்கு நல்லது. ஒரே சிற்றினம் இரண்டு விதமாகவும் பிள்ளை பெறுகிறது என்று பழைய பதிவில் படித்தால், அங்கே இரண்டு சிற்றினம் ஒரே பெயரில் கிடக்கிறதோ என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். சந்தேகம் மட்டுமே, முடிவுக்கு வர அது போதாது. இரண்டு முறையும் உண்மையாகவே ஒரே சிற்றினத்தில் இருக்கும் அரணைகள் உலகில் சில உண்டு.

நாள் 4: சேபி

லாங் டாம் கணவாய் 2,150 மீட்டர். அங்கிருந்து சேபிக்கு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. நாள் முழுதும் மூடுபனி, பைன் தோட்டம். தோட்டக்காட்டில் தரைக்கு வெயில் வராது, அரணைக்கு அங்கே வேலையில்லை. குறிப்புகளைச் சரிபார்த்ததோடு நாள் முடிந்தது.

நாள் 5: எம்பொம்பேலா

முன்பு நெல்ஸ்ப்ரெய்ட். 700 மீட்டருக்கும் கீழே. இரண்டே நாளில் காற்றின் வாசனையே மாறிவிட்டது. சுவர் அரணையும் மாறிவிட்டது: பங்க்டாடிஸ்ஸிமா இருந்த இடத்தில் இங்கே ஸ்ட்ரையாட்டா. கரிய முதுகின் இரு ஓரத்திலும் இரண்டு வெளிர்க்கோடுகள் தெளிவாக ஓடுகின்றன. முன்பு இவை ஒரே சிற்றினத்தின் துணையினங்களாக எண்ணப்பட்டன. தென்கிழக்கு ஆப்பிரிக்க அரணைகளைப் பல பத்தாண்டு ஆராய்ந்த டொனால்ட் பிராட்லியின் உழைப்பு இந்தக் கூட்டத்தைப் பிரிப்பதில் பெரிது.

ஊரைச் சுற்றி உருண்ட கருங்கல் குன்றுகள். அவற்றின் மேல் இங்கே வருபவர்கள் மிக அதிகமாகத் தவறும் ஒரு ஜோடி இருக்கிறது. ட்ராக்கிலெபிஸ் மார்கரிட்டிஃபெராவின் குட்டியும் பெண்ணும் கரிய முதுகில் மூன்று வெளிர்க்கோடு, கண்ணைப் பறிக்கும் நீல வால். அதே குன்றில் வாழும் பிளாட்டிசாரஸ் என்ற தட்டைப் பல்லியின் பெண்ணுக்கும் குட்டிக்கும் கரிய முதுகில் மூன்று கோடு. பத்தடி தூரத்திலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். பிளாட்டிசாரஸின் உடம்பு தோசைக்கரண்டி போலத் தட்டை, முதுகில் மணல் மணலாகச் சிறு செதில், தொடையில் துளைகள். அரணையின் குறுக்குவெட்டு உருண்டை, ஓடு வேய்ந்தது போல அடுக்கிய பெரிய செதில். மார்கரிட்டிஃபெராவின் வளர்ந்த ஆணுக்கோ நீல வால் போய்விடும். பழுப்பு முதுகில் முத்து முத்தாகப் புள்ளி. அதிலிருந்துதான் 'முத்தைத் தாங்கியது' என்ற பெயர். ஒரே பாறையில் மூன்று சிற்றினம் இருப்பதாகக் குறித்துக்கொண்டு, அது ஒன்றின் ஆணும் பெண்ணும் குட்டியும் என்று பிறகு தெரியவருவது இந்தக் கூட்டத்தில் அடிக்கடி நடக்கும்.

நம் வெள்ளைக் கோடு குன்றின் அடியில், புல்லும் கல்லும் கலந்த தரையில் கிடைத்தது. இன்று அளவெடுக்கும் முறையை முழுதாக எழுதுகிறோம், ஏனெனில் பெயர் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் படம், அளவு பிறகு. குளிர்ந்த அரணை கறுத்துத் தெரியும், வெயில் காய்ந்தது வெளிறும். ஆகவே பிடித்த உடனேயே எடுக்க வேண்டும். முதுகு முழுவதும், வயிறு, தலையின் மேல்பக்கம், தலையின் இரு பக்கமும், பின்பாதத்தின் அடி. ஆறாவது படத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வேரியா கூட்டத்தில் உள்ளங்காலின் செதில்கள் சின்ன முள் போலக் கூர்மையாக நிற்கும். ஸ்ட்ரையாட்டாவின் குட்டியிலிருந்து பிரிக்க அது மிகவும் உதவும். சட்டகத்துக்குள் மில்லிமீட்டர் அளவுகோல் இருக்கட்டும்.

நீளத்தை மூக்கு நுனியிலிருந்து கழிவாயின் முன் விளிம்பு வரை காலிப்பரால் எடுக்க வேண்டும். உடம்பை இழுக்காமல் நேராக்க வேண்டும். இழுத்தால் 2, 3 மில்லிமீட்டர் கூடிவிடும். வால் தனி. வால் மறுபடி முளைத்ததா என்று பார்க்க வேண்டும்: முளைத்த இடத்தில் நிறக்கோடுகள் திடீரென்று நிற்கும், செதில் அளவு மாறும். அப்படியானால் அந்த நீளம் ஒப்பீட்டுக்கு உதவாது என்று பக்கத்திலேயே குறிக்க வேண்டும்.

முதுகுச் செதிலின் வரப்பு எண்ணிக்கைக்கு 10 மடங்கு கைலென்ஸ். வெளிச்சம் மேலிருந்து விழக் கூடாது, பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். அப்போதுதான் மேட்டின் நிழல் தெரியும். உடம்பின் நடுவில், முதுகெலும்பை ஒட்டிய செதிலில் எண்ண வேண்டும். விலாச் செதிலில் எண்ணினால் குறையும். ஈரமான செதிலில் ஒளி வழுக்கி வரப்பு மறையும்; தோல் உரிக்கும் தறுவாயில் இருந்தாலும் அப்படியே. இன்று கண்டது மூன்று வரப்பு. குட்டிகளில் வரப்பு முழுதாக எழும்பியிராது என்பதால் குட்டியின் எண்ணிக்கையைத் தனியாக வைக்க வேண்டும்.

உடல்நடுச் செதில் வரிசை: அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் நடுப்புள்ளியைக் காலிப்பரால் குறித்து, அங்கே உடம்பைச் சுற்றி எண்ணுவது. வயிற்றின் நடுச்செதிலில் குண்டூசியின் நுனியை வைத்துத் தொடங்கி, சாய்வாகச் செதிலிலிருந்து செதிலுக்குத் தாவி, தொடங்கிய அதே செதிலுக்கு வர வேண்டும். இடையில் ஒரு வரிசை மேலோ கீழோ நழுவினால் ஒன்று கூடும் அல்லது குறையும். மூன்று முறை எண்ணி, இரண்டு முறை ஒத்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். வயிற்றில் முட்டையோ குட்டியோ இருக்கும் பெண்ணில் செதில்கள் விலகித் தோல் தெரியும், ஆனால் எண்ணிக்கை மாறாது. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நான்காவது பின்விரலின் அடித்தகடுகளை எண்ணும்போது எங்கே தொடங்கினோம் என்று எழுதாத எண்ணுக்கு மதிப்பில்லை. விரல் பாதத்தை விட்டுப் பிரியும் இடத்தில் அகலமாகத் தொடங்கும் முதல் தகடு முதல், நகத்தை ஒட்டிய கடைசித் தகடு வரை, நகம் சேராது. வலப்பக்க விரலையே எப்போதும் எண்ணுவது நல்லது. தலையில் பார்க்க வேண்டியவை: மூக்குக்கு மேலுள்ள இரு தகடுகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா, கண்ணுக்குக் கீழுள்ள தகடு உதடு வரை இறங்குகிறதா, அதற்கு முன் எத்தனை உதட்டுச் செதில், காதுத்துளையின் முன் விளிம்பில் எத்தனை சிறு மடல்.

திசு: வால் நுனியில் 5 மில்லிமீட்டர். 96 விழுக்காடு எத்தனால் நிரப்பிய 2 மில்லிலிட்டர் குழாயில் போட்டு, மறுநாள் எத்தனாலை மாற்ற வேண்டும். திசுவிலிருந்து வெளிவரும் நீர் செறிவைக் குறைத்துவிடும், குறைந்தால் மரபணு உடையத் தொடங்கும். ஒரு விலங்குக்கும் அடுத்ததற்கும் நடுவே கத்தியை எத்தனாலில் துடைத்தால் போதாது. எத்தனால் மரபணுவை அழிப்பதில்லை, கெடாமல் காக்கத்தான் செய்கிறது. பத்தில் ஒரு பங்கு ப்ளீச் கலந்த நீரில் முக்கி, பிறகு நல்ல நீரில் கழுவ வேண்டும். முழு மாதிரி எடுக்க அனுமதி இருந்தால், திசுவை எடுத்த பிறகே 10 விழுக்காடு ஃபார்மலினில் உடம்பைப் பதப்படுத்தி, கழுவி, 70 விழுக்காடு எத்தனாலுக்கு மாற்ற வேண்டும். வரிசை மாறினால் ஃபார்மலின் மரபணுவைப் பிணைத்து இறுக்கிவிடும், அந்த மாதிரி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனாவின் மை எத்தனாலில் கரைந்து, ஒரு வாரத்தில் வெறும் நீலத் தண்ணீர் மிஞ்சும்.

நாள் 6: குருகர் தேசியப் பூங்கா

இங்கே பிடிப்பதற்குப் பூங்கா நிர்வாகத்தின் தனி ஆய்வு அனுமதி தேவை. மாகாண அனுமதி இங்கே செல்லாது. முகாம்களிலும் குறித்த இளைப்பாறும் இடங்களிலும் தவிர வண்டியை விட்டு இறங்கவும் கூடாது. ஆகவே இன்று கண்ணும் தொலைநோக்கியும் மட்டும்.

அரணைக்கு முகாம்களே போதும். ஸ்குகூசாவில் மரத்தூணிலும் கூரை விளிம்பிலும் ஸ்ட்ரையாட்டா. பிரிட்டோரியஸ்காப்பின் கருங்கற்களில் மார்கரிட்டிஃபெரா. மரத்தடிச் சருகுக்குள் ஒரு கணம் தெரிந்து மறைந்தது, சுண்டுவிரலைவிட மெல்லிய, செம்பு மினுங்கும் சின்ன அரணை: பனாஸ்பிஸ். அதற்கு இமை அசையாது. கீழிமை மேலே ஒட்டி, கண்ணின் மேல் ஒளிபுகும் மூடியாகிவிட்டது. இந்தக் கண்ணை வைத்துத்தான் 1974-இல் கிரீர் ஆஃப்ரோஅப்ளெஃபாரஸ் என்று பிரித்தார். 2016-இல் மரபணு ஆய்வு அதை மறுபடி பனாஸ்பிஸுக்குள் சேர்த்தது. இமை இப்படிக் கண்ணுக்கு மூடியாக மாறுவது சருகுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் வாழும் பல்லிகளில் பலமுறை தனித்தனியே நேர்ந்திருக்கிறது. ஆகவே அது ஒன்றை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது. வேரியா கூட்டத்தில் வெள்ளைக் கோட்டை நம்பி நடந்த தவறும் இதே வகைதான்.

வெள்ளைக் கோட்டு அரணை ஒன்று இளைப்பாறும் இடத்தின் கல்வரிசையில் பத்து நிமிடம் நின்றது. கோடு தெளிவு, நடுமுதுகில் மெல்லிய வெளிர்க்கோடும் உண்டு. டல்ஸ்ட்ரோம் அரணைக்கு அது இல்லை. இது சிற்றின வேறுபாடா, ஒரே தொகுதிக்குள் வரும் மாறுபாடா என்று இரண்டு விலங்கை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே இடத்தில் குறைந்தது பத்துப் பதினைந்தைப் பார்த்து, அவற்றுக்குள்ளேயே எவ்வளவு மாறுகிறது என்று தெரிந்த பிறகே இரண்டு இடங்களை ஒப்பிடலாம்.

நாள் 7: சீட்டில் என்ன எழுதுவது

மேசையில் மேட்டிலிருந்தும் தாழ்நிலத்திலிருந்தும் எடுத்த குறிப்புகள். வரப்பு மூன்று, உள்ளங்கால் முள், வெள்ளைக் கோடு: கையில் பிடித்த எல்லாமே வேரியா கூட்டம் என்பதில் ஐயமில்லை. கூட்டத்துக்குள் எது என்று செதில் சொல்லவில்லை. வரிசை எண்ணிக்கையும் தகடு எண்ணிக்கையும் ஒன்றின் எல்லைக்குள் மற்றது வந்து விழுகிறது.

ஆகவே சீட்டு: 'ட்ராக்கிலெபிஸ் வேரியா, விரிந்த பொருளில்'. அனைத்துலக வழக்கில் பெயருக்குப் பின் சென்ஸு லாட்டோ என்று போடுவார்கள். டல்ஸ்ட்ரோம் மாதிரிக்கு மட்டும் 'சி.எஃப். லேவிகாட்டா', அதாவது லேவிகாட்டாவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது. படம் ஏற்றும் இணையதளங்களிலும் இதையே செய்யலாம்: சிற்றினத்தில் நிறுத்தாமல் கூட்டத்தில் நிறுத்துவது. வரைபடத்தில் பத்துத் தவறான புள்ளிகள் விழுந்தால், அடுத்து வருபவர் அந்த வரைபடத்தைப் பார்த்தே பெயர் வைப்பார்; தவறு தன்னைத்தானே பெருக்கும்.

திசுக் குழாய்கள் ஆய்வகத்துக்குப் போகும். இந்த நாட்டில் விலங்குத் திசுவை வைத்து ஆய்வு செய்ய 1984-ஆம் ஆண்டின் விலங்கு நோய்ச் சட்டம் 20-ஆம் பிரிவின் கீழ் அனுமதி வேண்டும். நாட்டுக்கு வெளியே அனுப்பத் தனி ஏற்றுமதி அனுமதி. காட்டுயிர்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் ட்ராக்கிலெபிஸ் இல்லை. அதே பாறையில் வாழும் கார்டிலஸ் பல்லிகள் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. அவற்றின் வால்துண்டு தவறிக் குழாய்க்குள் போனாலும் சிக்கல்தான். விமானத்தில் அனுப்பும்போது எத்தனால் ஒரு உள்கலத்தில் 30 மில்லிலிட்டருக்கும், முழுப் பெட்டியில் 1 லிட்டருக்கும் மிகாமல் இருக்க வேண்டும். கசிவை உறிஞ்சும் பஞ்சோடு கட்டி, விமானச் சரக்குக்கான ஏ180 விதிப்படி வெளியே எழுத வேண்டும்.

ஆய்வகத்தில் முதலில் படிப்பது இழைமணியின் என்டி2 என்ற மரபணு, ஆயிரம் எழுத்துக்குச் சற்று அதிகம். வெளியாகியிருக்கும் வரிசைகளோடு அதை அடுக்கிப் பார்த்தால் எந்தக் கிளையோடு சேர்கிறது என்று தெரியும். அதோடு நிறுத்தக் கூடாது. இழைமணி தாயிடமிருந்து மட்டும் வருவது. எல்லையில் இரண்டு சிற்றினம் எப்போதோ கலந்திருந்தால், ஒன்றின் உடம்பில் மற்றதன் இழைமணி தங்கிவிடும். மூன்றின் எல்லைகளும் நெருங்கும் இந்தப் பகுதியில் அந்த ஆபத்து அதிகம். உட்கருவின் இரண்டு மூன்று மரபணுக்களும் அதே கிளையைக் காட்டினால்தான் 'சி.எஃப்.' என்ற இரண்டு எழுத்தை அடிக்க முடியும்.

அடிக்கும்போதும் பழைய சீட்டைக் கழற்றுவதில்லை. புதிய பெயர், முடிவு செய்தவர், ஆண்டு ஆகியவற்றோடு இன்னொரு சீட்டை அதே நூலில் கட்டுவார்கள்.